வெந்த டப்பாவில் வெட்டிய எண்

என் மருமகள் அன்புச்செல்வி பாத்திரக் கடையில் பேர் வெட்டிப் பிழைத்தவள். கல்யாணச் சீர் அண்டாவோ கோயிலுக்குக் கொடுக்கும் குடமோ, பேர் வெட்டாமல் எதுவும் அவள் கையை விட்டுப் போகாது. கணபதி பகுதியில் கதிரேசன் பட்டறைக்கு வேலைக்குப் போன பிறகு அந்தக் கைப்பழக்கமே அவளை மாட்டிவிட்டது.

அங்கே செய்வது சாதாரண டப்பா இல்லை. நிக்கல் கலந்த தகட்டில் மூடியோடு செய்து பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் நகத்தளவு சில்லு ஒன்றை வைத்து, பனிக்கட்டியே சூடு என்று தோன்றுமளவுக்குக் குளிர வைப்பார்களாம். அந்தக் குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுமாம். ஆனால் பூமியின் காந்தம் துளி உள்ளே நுழைந்தாலும் சில்லு தப்புக் கணக்குப் போடும். காந்தத்தை மறிப்பதுதான் டப்பாவின் வேலை. உலையில் வெந்தால்தான் அதற்கு அந்தக் குணம் வரும்; வெந்து ஆறிய பிறகு தட்டவே கூடாது. தட்டினால் பார்வைக்கு அப்படியே இருக்கும், மறிக்கும் குணம் போய்விடும். எண் வெட்டுவதென்றால் உலைக்கு முன்பே வெட்டிவிட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை வண்டி வாசலில் நிற்கிறது. பெட்டியில் வைக்க டப்பாவை எடுத்தவள், மூடியில் எண் இல்லாததைப் பார்த்தாள். யோசிக்கவே இல்லை. வெட்டும் மெஷினை எடுத்து மளமளவென்று வெட்டிவிட்டாள். உலையில் வெந்த டப்பா என்பது உறைத்து, கடைசி எண்ணில்தான் கை நின்றதாம்.

உடனே கதிரேசனிடம் போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை. காந்தத்தை அளக்கும் மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தார். காலையில் காட்டியதைவிடக் கூடுதலாகக் காட்டியது. ஆனாலும் ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டவில்லை. அவருக்கு இது முதல் ஆர்டர். திங்கட்கிழமை அங்கே குளிரூட்டத் தொடங்குகிறார்கள். டப்பா போய்ச் சேராவிட்டால் வேறு கம்பெனிக்காரன் டப்பா உள்ளே ஏறிவிடும்.

“அளவுக்குள்ளதானே இருக்குதுங்க அம்மணி. கட்டுங்க, போகட்டும்” என்றார்.

“இங்கத்த சூட்டுல அளவுக்குள்ள இருக்குதுங்க. அந்தக் குளுருல என்னாகும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு அனுப்பலாமுங்க.”

“சொன்னா வேண்டாம்பாங்க. அப்புறம் எனக்கு ஆர்டரும் இல்லீங்க, உங்களுக்கு வேலையும் இல்லீங்க.”

டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் பெட்டியைக் கட்டவும் இல்லை, அந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை. நானாக இருந்தாலும் கட்டியிருக்க மாட்டேன்.

கடைசியில் கதிரேசனே போனைப் போட்டு அவள் கையில் கொடுத்தார். எடுத்தது ஹாரிகா, அங்கே இன்ஜினியர். அன்புச்செல்வி நடந்ததை நடந்தபடி சொன்னாள். கேட்டுவிட்டு ஹாரிகா சொன்னாள்:

“உள்ள காந்தம் மாட்டிக்கிட்டா, குளிர வெச்ச எல்லாத்தையும் மறுபடி சூடாக்கித்தான் எடுக்கணும் அக்கா. எங்க வேலை மொத்தமும் நின்னுரும். திரும்ப உலையில வெச்சா திங்கக்கிழமைக்குள்ள தர முடியுமா? முடியாட்டி வேற டப்பாதான்.”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறிருமுங்க. நானே எடுத்துட்டு வாரேன்.”

கதிரேசன் வண்டியைக் காலியாகத் திருப்பி அனுப்பினார். உலையை அவரே பற்றவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ்ஸில் டப்பாவைப் பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கீழே வைக்கச் சொன்ன கண்டக்டரோடு ஓசூர் வரை சண்டையாம். மறுநாள் காலை ஹாரிகா அளந்து பார்த்துவிட்டு, உள்ளே ஏற்றச் சொன்னாள். அன்புச்செல்வி கதிரேசனுக்குப் போன் போட்டாள்.

“சரிங்க அம்மணி. அப்படியே அடுத்த ஆர்டரையும் கேட்டுப்போட்டு வாங்க” என்றாராம்.