புதைக்கச் சொன்ன கட்டி

எங்கள் பக்கம் உடம்பிலிருந்து போன எதையும் கண்ட இடத்தில் போடமாட்டோம். பிள்ளை பெற்றால், நஞ்சுக்கொடியை நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிட்டுத்தான் மறுவேலை. அதனால் என் மார்புக் கட்டியை எடுக்க மதுரைக்குப் போனபோது, தங்கச்சியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"எடுத்ததக் குப்பையில போட்ராம, குழி தோண்டிப் பொதச்சிரணும். கேட்டியா?"

அந்த ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில்தான் அவளுக்கு வேலை. "நான் பாத்துக்கிறேன்க்கா" என்று சொல்லி, நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்து வாங்கினாள். கூடப்பிறந்தவள் நீட்டுகிற தாளை எந்தக் கிறுக்கி படித்துப் பார்ப்பாள்? மயக்கம் தெளிந்ததும் கேட்டேன். "பொதச்சாச்சு" என்றாள்.

மருந்து ஏற்றியதெல்லாம் முடிந்து, தலையில் முடி முளைத்ததும், சனியன் தொலைந்தது என்று பந்தல்குடிப் பக்கம் எங்கள் குலசாமிக்குப் பொங்கல் வைத்தேன். அதற்கு வந்தவள், பானை பொங்குவதற்குள் போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். படத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. உள்ளே இளஞ்சிவப்புத் தண்ணீர், அடியில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒன்னோடதுதான்க்கா. ஒன் கட்டியில ஒரு துண்டு. எத்தனையோ பேரோடத வச்சுப் பாத்தும் வளரல, இது கிடுகிடுன்னு வளந்துருச்சு. புது மருந்தெல்லாம் இதுல போட்டுத்தான் பாக்குறாக."

முதல் மார்க் வாங்கிய பிள்ளையைக் காட்டுகிற மாதிரி காட்டினாள். 

"பொதச்சிட்டேன்னு சொன்னியேடி!"

"நீதானக்கா கையெழுத்துப் போட்ட?"

பாவி மகளே என்று திட்டக்கூட வழியில்லை, எனக்கும் அதே அம்மாதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ மாட்டேனோ, அது வேறு. கேட்கவே இல்லையே. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள். "போயி அதக் கொன்னு போடு, இன்னைக்கே!" என்று கத்தினேன். பொங்கலுக்கு வந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"லேசுலயா வளத்தேன்? ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா தீனி மாத்தணும்க்கா, தப்புனா செத்துப்போகும். ஆரம்பத்துல நாலு மாசம் நான் ஒருநாள் லீவு போடல. ஞாயித்துக்கெழமகூடப் போனேன்."

அந்த நாலு மாசமும் எனக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சித் தண்ணிகூட இறங்காமல் கிடந்தேன். வந்து ஒருவாய் ஊட்டிவிட்டுப் போடி என்று போனில் கெஞ்சினேன். லீவு இல்லை என்றாள்.