கடையில்லாத கொந்தராத்து அக்கா

உப்புநீரில் ஊறிய தென்னோலைக்கு ஒரு புளித்த நாற்றம் உண்டு. கடலும் சேறும் வெயிலும் கூடிய அந்த நாற்றம் எங்கே மூக்கில் பட்டாலும் எனக்கு ஓர் ஏணி நினைவுக்கு வரும். அதன் உச்சியில், சேலையை வரிந்து கட்டியபடி கொந்தராத்து அக்கா.

அறுபதுகளில் தீவுப்பகுதிக் கிராமசபை ஒன்றில் நான் கிளாக்கர். அக்கா சரவணை என்ற ஊரிலிருந்து வருவார். கூரை வேயும் ஒப்பந்தத்தை, எங்கள் பேச்சில் கொந்தராத்தை, எடுப்பார். தென்னோலை பின்னிய கிடுகும் அவருடையது, ஆட்களும் அவருடைய ஆட்கள். அந்த வருடம் பள்ளிக்கூடக் கூரை அவருக்குக் கிடைத்திருந்தது. பழைய கூரையின் ஓட்டைகளுக்குள்ளால் வானம் தெரிந்தது. மழை பெய்தால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். மாரி கிட்டிவிட்ட நேரம் பார்த்துத்தான் சபைத் தலைவர் சட்டத்தைத் தூக்கினார்: கொந்தராத்துக்கு லைசென்ஸ் வேண்டும், லைசென்சுக்குக் கடை வேண்டும், கடைக்குப் பெயர்ப்பலகை வேண்டும். அதுவரை எந்த ஆம்பிளைக் கொந்தராத்துக்காரரிடமும் அவர் கடை கேட்டதை நான் காணவில்லை.

சபை அலுவலகமான எங்கள் கந்தோரே அப்போது கிடுகுக் கொட்டகைதான். விசாரிக்கக் கூப்பிட்டபோது அக்கா கதிரையில் உட்காராமல் நின்றார். கடை எங்கே என்று தலைவர் மறுபடி கேட்டபோது, "அண்ணாந்து பாருங்கோ ஐயா," என்றார். "போன வருசம் நான்தான் வேய்ஞ்சனான். ஒழுகுதே?"

நாங்கள் எல்லோரும் அண்ணாந்தோம். தலைவர் மேசையைப் பார்த்தார். கூரை ஒழுகவில்லை, லைசென்சும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அக்கா வேலையைத் தொடங்கிவிட்டார் என்று சேதி வந்தது. நிறுத்தச் சொல்லும் கட்டளையோடு தலைவர் என்னை அனுப்பினார். கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. தண்டம் விழும், வழக்கு வரும் என்று கீழே நின்று உரக்க வாசித்தேன். அக்கா முகட்டிலிருந்து முழுவதையும் கேட்டார்.

"ஓம், தண்டம் அடிக்கட்டும். நீர் சும்மா நிண்டு என்ன செய்யிறீர் தம்பி? அந்தக் கிடுகை எடுத்துத் தாரும்."

எடுத்துக் கொடுத்தேன். ஒன்று, இன்னொன்று, பிறகு அடுக்கே முடியும்வரை. மறுகிழமை என்னைக் கண்காணாத இடத்துக்கு மாற்றினார்கள். அக்காவை அதன்பின் நான் காணவேயில்லை. மாற்றட்டும். இன்றைக்கும் ஏதாவதொரு விண்ணப்பத்தில் 'தொழில் செய்யும் இடம்' என்ற கட்டத்துக்கு வந்தால், என் பேனை நின்று முறைக்கும்.

அந்த ஞாயிறு பொழுதுபடப் புறப்படும்போது, தலைவரிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். அக்கா கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கெண்டு சொல்லும்."