நூம்பல் வீடும் தோள் உயர ப்ளக் பாயிண்டும்

இன்று காலை நூம்பலில் நாங்கள் வாங்கவிருந்த வீட்டைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனோம். புதுப் பெயின்ட், நல்ல வெளிச்சம். மாதா படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்றுகூட நான் முடிவு செய்துவிட்டேன்.

மொபைலுக்குச் சார்ஜ் போடப் போனபோதுதான் கவனித்தேன். கீழ்த்தளத்தில் ப்ளக் பாயிண்ட் எல்லாமே என் தோள் உயரத்தில் இருந்தன.

"ஏண்ணே இவ்ளோ மேல வச்சிருக்காங்க?" என்று புரோக்கரிடம் கேட்டேன்.

"குனியவே வேணாம் பாருங்க மேடம், வசதியா கீது" என்றார்.

மனது கேட்கவில்லை. வெளியே வந்து, எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் விசாரித்தேன்.

"மழ பேஞ்சா முட்டி வரைக்கும் தண்ணி ஊட்டுக்குள்ள வந்துடும்மா. அதான் இந்தத் தெருவுல எல்லாரும் ப்ளக்க மேல ஏத்தி வச்சிகினோம்" என்றார், ஏதோ கொசுத்தொல்லையைப் பற்றிச் சொல்வதுபோல.

என் கணவர் நேராகப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீரைக் காரணம் சொன்னால் புரோக்கர் சாயங்காலம்வரை வாதாடுவார். அதனால், "வாஸ்து சரியில்லண்ணே, வேணாம்" என்றேன்.

"அத்த மொதல்லயே சொல்லக்கூடாதா மேடம்? வாஸ்துன்னா நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

எங்கள் கார் கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டேதான் கும்பிட்டார்.

வீடு வேண்டாம் என்று சொல்ல நீங்களெல்லாம் எந்த மூலையின் மேல் பழி போட்டீர்கள்?