மூன்று வரி வேலை

அந்தப் படிவத்தில் ‘தாங்கள் செய்யும் பணிகள்’ என்று கேட்டு ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். லேப் அண்ணன் எழுதியது மூன்றே வரி. கன்னடத்தில், குண்டு குண்டான எழுத்தில்: அறையைத் திறப்பது, பெருக்குவது, குடிதண்ணீர் பிடித்து வைப்பது. கீழே கையெழுத்து. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். அரசாங்கக் காகிதம் என்பதால் தப்பித்தது.

அப்போது நான் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஊழியர்களின் பதவி, சம்பளக் காகிதங்களைப் பார்க்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் கிளார்க். அவர் அங்கே நிலவியல் துறையில் அட்டெண்டர். இரண்டு பேருக்கும் கோலார் தங்கவயல்தான். அவர் ஊரிகத்தில் ரயில் ஏறி, பக்கத்து இருக்கையில் டிபன் பையை வைத்துக் காத்திருப்பார். நான் அடுத்த ஸ்டேஷனான கோரமண்டலில் ஏறி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். எனக்கு அவர் லேப் அண்ணன், அவருக்கு நான் தங்கச்சி. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை.

அட்டெண்டராகச் சேர்ந்தவர் அட்டெண்டராகவே ஓய்வு பெறுவதுதான் எங்கள் அலுவலகத்தின் வழக்கம். அந்த வருஷம் அதிசயமாக ஒரு கதவு திறந்தது. யார் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்பப் பதவியையும் குரூப்பையும் மாற்றப் போவதாகச் சுற்றறிக்கை வந்தது. லேப் அண்ணனுக்கு ஓய்வுக்குச் சில வருஷங்களே பாக்கி. இதை விட்டால் வேறு வழியில்லை. அவர் துறையில் லேப் அசிஸ்டென்ட் நாற்காலியோ பல காலமாகக் காலி. அந்த வேலை முழுவதையும் செய்தவர் இவர்தான். கல்லை மிஷினில் அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பார். கொஞ்சம் அதிகம் தேய்த்தால் கல்லே காணாமல் போய்விடும். அவர் விரலால் தடவிப் பார்த்தே நிறுத்துவார். அந்தத் தகடுகளை வைத்துத்தான் எத்தனையோ பேர் டாக்டர் பட்டம் வாங்கிப் போனார்கள். அப்படிப்பட்ட மனிதர் தண்ணீர் பிடிப்பதாக எழுதிக் கொடுத்தால் எரிச்சல் வராதா?

மறுநாள் ரயிலில் பிடித்துக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, “வுடு தங்கச்சி, எழுதுனது போதும்” என்றார். பங்காருப்பேட்டை வரை திட்டினேன். பலனில்லை. ஞாயிற்றுக்கிழமை புதுப் படிவத்தோடு ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் வரிசையில் இருந்த அவர் லைன் வீட்டுக்கே போய்விட்டேன். அண்ணி டீ கொடுத்துவிட்டு, “நீயாவது கேளும்மா. எங்கிட்ட வாயே தொறக்க மாட்றாரு” என்று உள்ளே போனார்.

அவர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அவருடைய அப்பாவின் கதையைச் சொன்னார். அப்பா சுரங்கத்தில் உடைந்த கல்லை வாரிப் போடுகிறவர். மிஷின்காரர் வராத நாட்களில் மேஸ்திரி அப்பாவை நம்பித் துளை போடும் மிஷினைக் கொடுப்பார். வாய்ப்பேச்சோடு சரி, எதிலும் எழுத மாட்டார்கள். ஒருநாள் கீழே வந்த அதிகாரி யதார்த்தமாகக் கேட்க, அப்பா பெருமையாக, நான்தான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். அனுமதியில்லாத ஆளிடம் மிஷினைக் கொடுத்ததற்காக, அடுத்த ஷிப்டில் மேஸ்திரி மேஸ்திரியாக இல்லை. லைனில் குழாயடியில் அம்மாவோடு மாசக்கணக்கில் யாரும் பேசவில்லையாம்.

“இப்போ நான் மிஷின் ஓட்றேன்னு எழுதினா, யாரு ஓட்டச் சொன்னதுன்னு கேப்பாங்களா இல்லியா? சாரு ரிட்டயர் ஆவுற நேரம். அவரு பென்ஷன்ல கை வெச்சுட்டா? எனக்கு பெரிய வேலை இன்னாத்துக்கும்மா?”

சார் என்றது அவர் துறைப் புரொபசரை. அப்படியெல்லாம் எதுவும் ஆகாது என்று அடித்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே முழு நம்பிக்கை இல்லை. எங்கள் அலுவலகத்தில் எந்தக் காகிதம் எங்கே போய்க் குத்தும் என்று யாருக்குத் தெரியும்? புதுப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நேராகப் புரொபசரிடம் போனேன். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இத்தனை வருஷமும் இந்தப் பயத்தோடுதானா கல் அறுத்தார் என்று கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்து, லேப் அண்ணன் செய்யும் வேலைகளை ஒன்றுவிடாமல் இரண்டு பக்கம் எழுதினார். எல்லாம் என் உத்தரவின் பேரில் நடந்தவை என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். அதை அந்த மூன்று வரிப் படிவத்தோடு சேர்த்துத் தைத்து, பதவி மாற்றத்தை முடிவு செய்யும் கமிட்டிக்கு அனுப்பினேன்.

ஆர்டர் வரச் சில மாதங்கள் ஆயின. லேப் அசிஸ்டென்ட், டி குரூப்பிலிருந்து சி குரூப். ஓட்டமும் நடையுமாக அவர் அறைக்குப் போனேன். மிஷினை நிறுத்திவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். காகிதத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்.

“சாருக்கு ஒண்ணும் ஆவலியே?”

ஆகவில்லை என்றேன். அப்புறம்தான் ஸ்டூலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் ஓய்வு பெற்று ஊரிகத்தில் நிம்மதியாக இருக்கிறார். காலை ரயிலில் இப்போது எனக்கு இடம் பிடித்து வைக்க ஆளில்லை. பாதி நாள் நின்றுகொண்டே போகிறேன். நான் சூப்பரின்டெண்டன்ட் ஆகிவிட்டேன். இந்த வருஷம் மறுபடி அதே மாதிரி சுற்றறிக்கை வந்தது. படிவத்தை ஆள் மூலம் அனுப்புவதில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு நானே ஒவ்வொரு அறையாகப் போகிறேன்.

போன வாரம் நூலகம். அங்கே அட்டெண்டராக இருக்கும் பெண்ணும் எங்கள் ஊர்தான், மாரிக்குப்பம். என்ன வேலை செய்கிறாய் என்றேன். “பெருக்குறது, தொடைக்கிறது. அவ்ளோதான் மேடம்” என்றாள். அவள் மேஜையில் பாதி தைத்த புத்தகம் ஒன்று ஊசியோடு கிடந்தது. புது வரவுகளுக்கு எண் போட்ட சீட்டுகள் அவள் கையெழுத்தில் அடுக்காக இருந்தன. நான் அவற்றைப் பார்ப்பதைக் கண்டதும், நூலகர் வருகிறாரா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

“யாரு கேட்டாலும் என் பேரைச் சொல்லு. காலையில வந்ததும் மொதல்ல இன்னா செய்வே, அதுலருந்து சொல்லு.”