தெனோக் வந்த காலை

எனக்குக் கல்யாணம் ஆனது, மலாய் நாட்டில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் போட்டிருந்தபோது. அலோர் காஜா டவுனில் மளிகைக்கடை வைத்திருந்த வீட்டுப் பெண் நான். லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், மரத்துப் பாலைச் சேர்க்கும் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி. பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று, பால் எடுக்க மரம் சீவப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே எடுத்துப் போக முடியாது. கேட்டில் நிற்கும் மலாய்க் காவலர் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார்.

அடைந்து கிடந்த அந்த மாலைகளில் எனக்குப் பேச்சுத்துணை என் வீட்டுக்காரர்தான். நான் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். அவருக்கும் 'தெரியாது' என்ற சொல்லே வாயில் வராது.

"மரங்கொத்திக்குத் தலை வலிக்காதாங்க?"

"வலிக்கும். அதனாலதான் கொஞ்சம் கொத்திட்டு, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துக்குது."

"லூபோக் சீனான்னு ஏன் பேரு வச்சாங்க?"

"லூபோக்குன்னா ஆத்துல ஆழமான மடு. ஒரு சீன யாவாரி படகோட அதுல முழுகிட்டான். சாமான்தான் மெதந்துச்சாம்."

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்றேன்லா."

மலாக்கா என்பது நெல்லி மரத்தின் பெயர் என்று ஒருநாள் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கப்பலெல்லாம் வந்து நின்ற பட்டணம், ராஜா ஆண்ட பட்டணம், அதற்குப் போய் நெல்லிக்காய்ப் பெயரா! அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போனபோது அலோர் காஜா பாசாரில் ஒரு மலாய் மாது கூடையில் நெல்லிக்காய் வைத்திருந்தார். சும்மா கேட்டுவைப்போமே என்று அதன் பெயரைக் கேட்டேன். "புவா மலாக்கா" என்றார், மலாக்காப் பழம் என்று. நெல்லிக்காயை வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்துக் கடித்து, புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் நேரம், வேலிப் பக்கமிருந்து விசில் சத்தம் வந்தது. மெல்லிசாக, நீளமாக. காவலர் துப்பாக்கியோடு ஓடினார். பால் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கம்பம் சாய்ந்து, கீழ்க்கம்பி வளைந்து கிடந்தது. கம்யூனிஸ்டுகள் உள்ளே வந்திருக்கிறார்கள், இல்லையென்றால் யாரோ சாப்பாட்டை வெளியே கடத்தியிருக்கிறார்கள் என்று பேச்சு பரவியது. வேலை நின்றது. கேட்டை அடைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் போலீஸ் லோரி வந்தது. எங்கள் எல்லாரையும் லயத்துக்கு முன்னால் திடலில் நிறுத்தினார்கள்.

அந்தப் பக்கம் முதலில் போனது யார் என்று கேட்டார் அதிகாரி. ஸ்டோரைத் திறக்கப் போனவர் என் வீட்டுக்காரர்தான். முன்னால் வரச் சொன்னார்கள்.

"விசில் அடித்தது யார்?" என்று மலாயில் கேட்டார் அதிகாரி.

என் வீட்டுக்காரர் எங்கள் எல்லாருக்கும் முன்னால் நின்று, "தாக் தாவு, துவான்" என்றார். தெரியாது, ஐயா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. லோரியில் ஏற்றினால் எப்போது திரும்பி வருவார் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து லயத்து அக்காவின் தம்பியை அப்படித்தான் கொண்டுபோயிருந்தார்கள். அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அடித்துக் காட்டு" என்றார் அதிகாரி.

அவருக்கு விசில் அடிக்க வராது. எனக்குத் தெரியும். உதட்டைக் குவித்தால் வெறும் காற்றுதான் வரும். அன்றைக்கும் அதுதான் வந்தது. பாவம், கன்னம் உப்ப மறுபடியும் முயன்றார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவர் நடிக்கிறார் என்று அதிகாரி நினைத்தார்போல. "லோரியில் ஏற்று" என்றார்.

"அவருக்கு வராதுங்க! நெசமாலுமே வராது!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு முன்னால் ஓடினேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

அப்போது லயத்துக்குப் பின்னால் இருந்த குட்டையிலிருந்து அதே விசில் கேட்டது.

போலீஸ்காரர்கள் குனிந்தபடி ஓடிப்போய்க் குட்டையைச் சுற்றி வளைத்தார்கள். தண்ணீருக்கு மேலே குட்டையான தும்பிக்கைபோல ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது. பிறகு கறுத்த தலை எழுந்தது. அதன் பின்னால் வெள்ளை முதுகு. எருமைக்கன்றுக்கு இடுப்பில் வேட்டி கட்டிவிட்டதுபோல ஒரு பிராணி, இத்தனை துப்பாக்கிகளையும் பார்த்துவிட்டு மறுபடியும் விசில் அடித்தது.

"தெனோக்! தெனோக்!" என்று அதன் மலாய்ப் பெயரைச் சொல்லிக் கத்தி, கேட் காவலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காட்டில் இருக்கும் சாது, யாரையும் ஒன்றும் செய்யாது, பயந்தால் இப்படித்தான் சத்தம் போடும் என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கேட்டைத் திறக்கச் சொன்னார். அது கரையேறி, போகிற வழியில் எங்கள் மரவள்ளிச் செடியில் ஒரு வாய் இலையைப் பறித்துத் தின்றுவிட்டு, அவசரமே இல்லாமல் கேட் வழியாக வெளியே போனது. அதன் தூக்குச்சட்டியை யாரும் சோதிக்கவில்லை.

லோரி போனதும் லயமே என் வீட்டுக்காரரைச் சூழ்ந்துகொண்டது.

"அண்ணே, நம்ம பாஷையில இதுக்கு என்னா பேரு?"

"ஏன்ணே பாதி வெள்ளையா இருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஆதியில அது முழுக்கக் கறுப்புதான். மாப்பிள்ளையா போறதுக்கு வேட்டி எரவல் வாங்கிக் கட்டிச்சு. பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாங்க. அந்த வெக்கத்துல, குடுத்தவங்க கண்ணுல படாம காட்டுக்குள்ள போயிருச்சு. பேரு வேட்டிப் பன்னி."

அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் அதற்கு அதுதான் பெயர். வேலை இல்லாத அந்தப் பகலில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு, அவர் தட்டில் கை வைக்காமல் கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்து நானே உருட்டிக் கொடுத்தேன். பிள்ளைமாதிரி வாங்கிச் சாப்பிட்டார்.