காட்டுக்குள் உப்புத் தண்ணீர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஓர் ஊரில் நிலைத்து இருந்ததில்லை. நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் கூலிக்கு நின்ற காலத்தில், வேலையில்லாத நாட்களில் மலை ஏரிகளைச் சுற்றி நடப்பேன். மரை தண்ணீர் குடிக்க வரும் என்று பனிக்குள் காத்திருப்பேன். பெரும்பாலும் வராது. இந்தப் பைத்தியம் எனக்கு இருப்பது தெரிந்துதான் தங்கச்சி என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். அண்ணனான என்னை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

அவளுடைய கணவர் நெஞ்சுவலியில் மவுத்தாகி, அவள் விதவைக்குரிய இத்தாக் காலத்தை இருந்து முடித்த வாரம் அது. மாதக்கணக்கில் வாசலைத் தாண்டாமல் இருந்தவள். கற்பிட்டிக்குப் போவோமா, பெரியம்மா வீட்டுக்குப் போவோமா என்று கேட்டேன். வண்ணாத்திவில்லுக்கு அப்பால் காட்டோரத்தில் இருக்கும் வில்லுகளைப் பார்க்க வேண்டும் என்றாள். வில்லு என்பது அங்கே தானாக அமைந்த குளம், யாரும் கட்டியதல்ல.

எனக்குக் காரணம் விளங்கியது. மச்சான் மீன் லொறி ஓட்டியவர். லீவு கிடைத்தால் விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார், பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குத்தான் திரும்புவார். வில்லுப் பக்கம் மிருகம் பார்க்கப் போனேன் என்பார். அங்கே அவருக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று ஊரில் கதை. தங்கச்சி முதலில் நம்பவில்லை. ஒருநாள் அவர், காட்டுக்குள் ஒரு வில்லில் தண்ணீர் உப்பாக இருக்கிறது, மான்கள் அதன் கரையை நக்க வருகின்றன என்று சொன்னார். அன்றைக்குத்தான் அவள் ஊர்க்கதையை நம்பினாள்.

எங்கள் குடும்பமே புத்தளம் உப்பளத்தில் வேலை செய்த குடும்பம். தங்கச்சி சின்ன வயதிலேயே பாத்தித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, உப்பு விளையக் கிட்டவா தூரமா என்று சொல்லிவிடுவாள். உப்பு கடல்நீர் ஏறும் களப்பிலிருந்து வருவது, மழை விழுந்தால் கெட்டுப்போவது. கடலில்லாத காட்டில், மழையில் நிரம்பும் குளத்தில் உப்பு என்றால் அவள் எப்படி நம்புவாள்? "எனக்கிட்டயா உப்புக் கதை செல்றீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவர் போவதை நிறுத்தவில்லை, பார்த்ததைச் சொல்வதை நிறுத்திவிட்டார். கடைசி வருடங்கள் அந்த வீட்டில் பேச்சுக் குறைவு.

வண்ணாத்திவில்லில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாணும் வாழைப்பழமும் வாங்கினோம். எங்கே போகிறோம் என்று கடைக்காரர் கேட்டார். வில்லுப் பக்கம் என்றேன். "பழத்த இவ்வளவு வாங்கிறீங்க, யானையோட ஏதும் சம்பந்தம் பேசப் போறீங்களோ?" என்றார். தங்கச்சி சிரித்தாள். பொழுது சாயுமுன் திரும்பிவிடச் சொல்லி, பாதையும் சொன்னார்.

யானைக்குப் போட்ட மின்வேலியோரமாக நடந்தோம். கச்சான் கடலைத் தோட்டங்கள் முடிந்ததும் பாலையும் வீரையுமாகக் காட்டு மரங்கள் தொடங்கின. பாதையில் யானை லத்தி கிடந்தது. காலால் உடைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அவளுக்கு நடந்து பழக்கமில்லை, செருப்பு வார் அறுந்தது. சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தேன்.

முதல் வில்லில் தாமரை நிறைந்திருந்தது. மஞ்சள் சொண்டு நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. ஒரு முதலை மரக்கட்டைபோல் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"நல்ல தண்ணி," என்றாள்.

அவள் முகத்தில் கவலை தெரியவில்லை. பெரிய சுமையை இறக்கியவள்போல் மரநிழலில் உட்கார்ந்து பாணைத் தின்றாள். ஒருத்தி இருந்திருக்கிறாள், அவர் பொய் சொல்லியிருக்கிறார், தான் கோபப்பட்டது சரி. அவளுக்கு அது போதும்போல இருந்தது. அப்போதே திரும்பியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் நடந்தால் மயில் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

மயிலைப் பின்தொடர்ந்து போனபோது மரங்கள் விலகி இன்னொரு வில்லு தெரிந்தது. சிறியது. தாமரை இல்லை, ஓரத்தில் புல்லும் குறைவு. வற்றிய கரை வெள்ளையாக இருந்தது. தூரத்திலிருந்தே அவள் அந்த வெள்ளையைக் கண்டுகொண்டாள். பாத்தி ஓரத்தில் வேலை செய்தவளுக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் போய்க் குனிந்தாள். ஒரு முறை அல்ல, மூன்று நான்கு இடங்களில் தொட்டு வைத்துப் பார்த்தாள். நானும் வைத்துப் பார்த்தேன். கரித்தது. காட்டுக்குள் அந்தத் தண்ணீர் ஏன் கரிக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சேறு முழுக்க மான் குளம்புத் தடம். எதிர்க்கரையில் புள்ளிமான்கள் வந்தன. தாயொன்று தலையைத் தாழ்த்தி மண்ணை நக்க, குட்டியும் அதைப் பார்த்து நக்கியது. அவ்வளவு நெருக்கமாக நான் மலையில்கூடப் பார்த்ததில்லை. சந்தோஷப்பட முடியவில்லை.

"வாங்களேன், ஒருக்கா வந்து பாருங்களேன் எண்டு என்னைக் கூப்பிட்டாரு நானா. நான் போகல்ல," என்றாள்.

உப்பு இருப்பதால் ஒருத்தி இல்லை என்று ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவளுக்கு அந்த ஒருத்தியின் கதையும் இந்தத் தண்ணீரும் எப்போதோ ஒன்றாகிவிட்டன. மான்கள் போகும்வரை நின்றாள். அழவில்லை. வெயில் சாய்கிறது, யானை இறங்கும் நேரம் என்று நான் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

கயிறு கட்டிய செருப்பை இழுத்து இழுத்து மின்வேலி வரை வந்தாள். பிறகு நின்றாள்.

"பொய்யா இருந்திருந்தா நல்லம் நானா. அவர் மவுத்தானதத் தாங்கிட்டேன். இத என்ன செய்ற?"

அவருக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதை அவள் இத்தனை மாதமும் செய்துகொண்டுதான் இருந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள், பஸ் போய்விடும் என்றேன். கழற்றினாள். சந்திக்கு வந்தபோது பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் புத்தளம் வரை நின்றுகொண்டு வந்தேன்.