யானைப் பிடில்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே ரமணி என்று ஒரு வங்கி ஊழியர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மெல்லிசைக் கச்சேரியில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். இப்போது பால்கனியில் உட்கார்ந்து, அதே மாதிரி கிட்டார் ஒன்றைத் தாமே செய்துகொண்டிருக்கிறார். அவர் இழைத்த மரத்தூள் போன வாரம் நான் காயவைத்திருந்த மோர்மிளகாய் மேல் பொழிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் இறங்கி வந்தார், பாவம். வந்தவர் சும்மா போயிருக்கலாம். "மெட்ராஸ்ல இந்த மாதிரி பேஸ் வாத்தியத்தை வீட்ல வச்சு யாருமே பண்ணினதில்ல மாமி, நான்தான் முதல்" என்றார். நான் கதவைச் சாத்திவிட்டேன். அவர் முகத்துக்கு நேராக, பலமாக.

மிளகாய்க்காக என்று நினைத்திருப்பார். வேறு ஆட்கள் முகத்தில் நாற்பத்தைந்து வருஷம் முன்பே சாத்தியிருக்க வேண்டிய கதவு அது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

யுத்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். நான் போட்ட யானைப் படத்தைப் பார்த்து எருமை என்று சொன்ன குழந்தைகள் உண்டு. ஆனால் கோடு நேராக வரும். வளைவு வளைவாக வரும். என் அண்ணா ஒரு சினிமா ஸ்டுடியோவின் வாத்தியக் கோஷ்டியில் பிடில் வாசித்தான். அங்கே டபிள் பேஸ் என்று ஒரு வாத்தியம் இருந்தது. பிடில் போலத்தான், ஆனால் ஆளைவிட உயரம். நின்றுகொண்டு கட்டிப்பிடித்து வாசிக்க வேண்டும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானபோது அதை லாரியில் ஏற்றி, இறக்கி, இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். சீமையிலிருந்து கப்பலில் வேறு வரவழைக்க வழியில்லை.

அண்ணா அந்தப் பிளந்த உடம்பைச் செய்தித்தாள்மேல் கிடத்தி, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தாள்களைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "இதைப் பெரிய காகிதத்துல சரியாப் போட்டுக் குடேன்" என்று என்னிடம் கேட்டான். அவன் செய்த வேலை அவ்வளவுதான். அவ்வளவேதான்.

மரவேலைக்கு நான் அழைத்து வந்தவர் கவுஸ் பாய். ராயப்பேட்டையில் பஸ்களுக்கு மரக்கூடு கட்டும் பட்டறையில் தச்சர், முப்பது வயதிருக்கும். எங்கள் பள்ளி பெஞ்சுகளைச் சரிசெய்ய வருவார். யுத்தத்தில் புது பஸ் ஏது? வாரத்தில் பாதி நாள் அவருக்கு வேலையில்லை. படத்தைப் பார்த்து ரொம்ப நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டே நின்றார். "யானைப் பிடில் மாதிரி கீது டீச்சரம்மா. பண்ணிப் பாப்போம்" என்றார்.

பத்து மாதம் எங்கள் வீட்டுக் கொல்லையில் அது வளர்ந்தது. முதுகுக்கு வீணைக்காரர்கள் சொல்லும் பலா. மேல் பலகைக்கு, துறைமுகத்தில் இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளின் சீமைப் பலகை. பக்கவாட்டுச் சட்டங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குழாயில் அழுத்தி வளைப்பார் பாய். பஸ்ஸின் மூலைகளை வளைத்த கை. மேல் பலகையை அவர் இழைக்க இழைக்க நான் விரல் முட்டியால் தட்டிக் கேட்டு, "இன்னும் கொஞ்சம்", "போதும்" என்று சொல்வேன். அதன் இரண்டு பக்கத்துத் துளைகளையும், தலைச் சுருளையும் வெட்டியது நான். வலது கைக் கட்டைவிரலில் அப்போது உளி பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் வந்து பாருங்கள்.

தோலிலிருந்து எடுக்கும் வச்சிரப் பசையைக் குமுட்டி அடுப்பில் காய்ச்சும் நாற்றம் தெரு முழுக்க அடிக்கும். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, டிராயிங் என்றால் இவ்வளவு நாறுமா என்று கேட்பாள். தந்தி கிடைக்காமல் திண்டாடியபோது பாய்தான் வழி கண்டுபிடித்தார். அவர் மைத்துனர் பஞ்சு கொட்டுபவர். அவர்கள் வில்லில் கட்டும் நரம்பையே முறுக்கித் தந்தியாக்கினோம். அது ஆட்டுக் குடல் என்று அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. ரப்பர் என்றேன்.

அண்ணா முதல்முதலாக வில்லை இழுத்த மத்தியானம், கூடத்து அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. வாசலில் யார் லாரியை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

ஒற்றை மாட்டு வண்டியில் வாத்தியம் ஸ்டுடியோவுக்குப் போனது. வெயிலில் அது ஆடாமல் பிடித்துக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து கூடவே நடந்தவர் கவுஸ் பாய். வாத்தியம் உள்ளே போயிற்று, அண்ணா உள்ளே போனான். பாயைக் காவல்காரன் வாசலிலேயே நிறுத்திவிட்டான். அண்ணா திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அண்ணாவின் சிநேகிதர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துக்கொண்டே அண்ணாவின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தார். மாற்றலாகிப் போன ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியிடம் நயமாகப் பேசி, அசல் இத்தாலி வாத்தியத்தையே வாங்கிவிட்டானாமே. நான் அண்ணாவைப் பார்த்தேன். அவன் காபியைப் பார்த்தான்.

அவர் போன பிறகு கேட்டேன். கோபமே இல்லாமல், கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் போலப் பதில் சொன்னான்: "பொம்மனாட்டியும் பஸ் தச்சனும் கொல்லைல பண்ணினதுன்னா ஒருத்தன் தொடுவானா? இப்போ பாரு, எல்லாரும் கும்பிட்டுண்டு வாசிக்கறா. வாத்தியம் நன்னா இருக்கணுமா, உன் பேர் நன்னா இருக்கணுமா?"

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நான் ஸ்டுடியோவுக்குப் போனேன். இருபது வாத்தியக்காரர்கள் நடுவில் இசையமைப்பாளரிடம், இது இத்தாலியும் இல்லை, ஒன்றும் இல்லை, நானும் கவுஸ் பாயும் செய்தது என்று சொன்னேன். அவர் என் கையைக்கூடப் பார்க்கவில்லை. "உன் தங்கைக்குக் கற்பனை ஜாஸ்திப்பா" என்று அண்ணாவிடம் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்தான். மற்றவர்கள் முகம் மறந்துவிட்டது. அவன் பல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் மேல் பலகையின் ஒட்டு விட்டுவிட்டது. சரிசெய்ய அண்ணா கவுஸ் பாயைத் தேடிப் போனான். போகாதீர்கள் என்று நான் பட்டறைக்கே போய்ச் சொன்னேன். பாய் இழைப்புளியை நிறுத்தவில்லை. "கோவம் அவுங்க மேல. அது இன்னா பண்ணிச்சு டீச்சரம்மா?" என்றார். போனார். இந்தத் தடவை உள்ளே விட்டார்கள். சீமைச் சாமான், கீறல் விழாமல் தொடு என்று அந்த இசையமைப்பாளர் அவரிடம் எச்சரித்தாராம். சரி சார் என்றாராம் பாய். தாம் இழைத்த பலகையை வைத்துக்கொண்டு, சரி சார்.

எனக்குப் பாய்மேலும் கோபம் வந்தது. வீட்டுப் பக்கம் வந்தபோது நான் உள்ளேயே இருந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னேன். இரண்டு தடவை வந்தார். அப்புறம் வரவில்லை. பிறகு ஈக்காட்டுத்தாங்கலில் சொந்தமாகப் பட்டறை போட்டதாகக் கேள்வி. நான் அதற்கப்புறம் உளியைத் தொடவே இல்லை.

அண்ணா நன்றாக வாழ்ந்தான். அவன் போன பிறகு மயிலாப்பூர் சபா ஒன்றில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஒரு பெரியவர் கண் கலங்கி, அந்த வெள்ளைக்கார அதிகாரியின் கதையைச் சொன்னார். இப்போது அதில் மழையும், அண்ணா அவர் காலில் விழுந்ததும் புதிதாகச் சேர்ந்திருந்தன. நான் எழுந்துவிட்டேன். "பொய். அது எங்காத்துக் கொல்லைல பண்ணினது. நானும் கவுஸ் பாயும் பண்ணினோம்" என்றேன். இரண்டு பெண்கள் வந்து என் தோளை அணைத்து உட்காரவைத்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் விசிறினார். "பாவம், கூடப் பிறந்தவாளோன்னோ" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

மறுநாள் ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போனேன். நான் சொல்லிவிட்டேன் பாய், சபையில் உங்கள் பேரைச் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. தெருவெல்லாம் கடைசல் இயந்திரச் சத்தம். பஸ் கூடு கட்டும் மரப் பட்டறை ஒன்றுகூட இல்லை, எல்லாம் தகரமாகிவிட்டது. ஒரு டீக்கடைக்காரர், அந்தக் குடும்பம் ஆம்பூர்ப் பக்கம் போய்விட்டது என்றார். பக்கத்திலிருந்தவர், இல்லை, பாய் காலமாகி ரொம்ப வருஷம் ஆயிற்று என்றார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். எங்கள் கொல்லைமேல் நாலு மாடி. அந்த வாத்தியம் எந்தப் பரணில் உளுத்ததோ, யார் வீட்டு அடுப்பில் எரிந்ததோ, சொல்ல ஆளில்லை.

உங்களுக்கும் கோபம் வந்ததா பாய் என்று அவரை நான் ஒரு தடவை கேட்டிருக்கலாம். வாசல் வரை வந்தார். இரண்டு தடவை வந்தார்.